இருபதாவது நிமிஷத்துப் பாட்டில்

சுவிட்சைப் போட்டால் முதலில் வருவது சத்தம், வெளிச்சம் அதற்கப்புறம்தான். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சுர்ர், பிறகு கண்ணாடிக் குடுவைக்குள் கம்பி முனைக்கும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கும் நடுவே ஊதாவாக ஒரு மினுக்கம், பிறகு அந்த வாடை. ஞானசிகாமணி ஸ்டாப்வாட்சை அமுக்கினார். மணி பத்து பத்து. இருபது நிமிஷம் ஓட வேண்டும், ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் குழாயைத் திறந்து சின்னப் பாட்டிலில் பிடிக்க வேண்டும், பிடித்த கையோடு ரெண்டு சொட்டு ஹைப்போ விட வேண்டும், மூட வேண்டும், சீட்டு ஒட்ட வேண்டும். பாளையங்கோட்டைக்கு வெளியே இந்த இன்ஜினியரிங் காலேஜில் இருபத்தாறு வருஷமாக லேப் டெக்னீஷியன், இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஆனாலும் இருபது என்று மனசுக்குள் சொன்ன உடனே ஸ்டாப்வாட்சிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டார், மூன்று வாரமாக இப்படித்தான், பஸ் நம்பரில் இருபது வந்தாலும் திருப்பிக்கொள்கிறார், காலண்டரில் இருபதாம் தேதியைப் பார்க்காமலே கிழித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இந்த ஆராய்ச்சியை நடத்துகிற ஷமீமா மேடம் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அது ஆஸ்பத்திரிக்குப் போகிற கடிதம், பன்னிரண்டு மணிக்கு அங்கே கூட்டம், அந்தக் கடிதத்திலும் அதே இருபதுதான் இருக்கும். பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு குடுவையைப் பார்த்தார். காற்றை மின்சாரத்தால் கிழித்தால் அது ஒளிரும், அதற்குப் பேர் பிளாஸ்மா, மின்னலும் அதே ஜாதிதான், ஆனால் இது சுடாத மின்னல், தண்ணீரைக் கொதிக்க வைக்காது, அதில் கரைந்து கிடக்கிற விஷத்தை மட்டும் துண்டு துண்டாக வெட்டிப் போடும் என்று மேடம் வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி இவருக்கும் மனப்பாடம். இன்றைக்கு வெட்டுப்படுகிற விஷம் யாரிடமிருந்து வந்தது என்பது மேடத்துக்குத் தெரியாது. பாட்டிலில் என்-ஏழு என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. அது எப்சிபாவுடையது. மறைப்பானேன், அவர் பெண்டாட்டியின் மூத்திரம்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், முந்தாநாள் அவளே சிரித்தாள். கேன்சர் வார்டில் மருந்து ஏற்றினால் அதில் ஒரு பங்கு உடம்பில் வேலை பார்த்துவிட்டு அப்படியே வெளியே வந்துவிடும், கக்கூஸில் போய், சாக்கடையில் போய், வாய்க்காலில் போய் ஆற்றில் சேரும், சாதாரணச் சுத்திகரிப்புக்கெல்லாம் அது அசையாது. இதை இவர்தான் ஒருநாள் சோறு தின்னும்போது வாய் சும்மா இராமல் அவளிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கிலிருந்து அவளுக்குப் பெரிய சட்டதிட்டம். மருந்து ஏற்றி ரெண்டு நாளைக்கு மூடியை மூடித்தான் தண்ணீர் விட வேண்டும், ரெண்டு தடவை விட வேண்டும், அவள் துணிக்குத் தனி வாளி, அவரும் கையுறை போட்டுத்தான் அலச வேண்டும். அத்தனையும் ஆஸ்பத்திரியில் சொன்னதுதான். ஆனால் ரெண்டு நாள் கட்டிலுக்கு வரக்கூடாது, ஹாலில் பெஞ்சில்தான் படுக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாதது, அவளாகப் போட்டது. நர்ஸே சொன்னாங்கட்டி, தொட்டா ஒண்ணும் செய்யாதுன்னு, என்று இவர் சொல்லிப் பார்த்தார். நர்ஸுக்கு என்ன, அவுக வீட்டுக்காரரா பக்கத்துல படுக்காரு, என்று முடித்துவிட்டாள். முப்பது வருஷம் ஸ்கூலில் தையல் டீச்சராக இருந்தவள், அவள் வெட்டு என்றால் வெட்டுத்தான். வார்டில் பரிசோதனைக்குக் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் கையெழுத்துப் போடலாம் என்று பாரம் வந்தபோது முதல் ஆளாய்ப் போட்டவளும் அவள்தான், அந்த வளைத்து எழுதுகிற ‘ப்’ கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நர்ஸ் நம்பர் போட்டுக் கொடுத்த கேனை மஞ்சப்பையில் சுற்றிக் கையில் கொடுத்து, மெதுவா ஓட்டிட்டுப் போங்க, ஸ்பீட் பிரேக்கர்ல சிந்திராதீய, என் சொத்தே அதுதான், என்றாள். பிறகு தலையில் கட்டியிருந்த துணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தத் துணி இவருடைய பழைய கட்டம் போட்ட சட்டை, வெட்டி ஓரம் அடித்திருந்தாள். முடி போன தலையில் தன் சட்டையைப் பார்த்து அழுதால் அவள் திட்டுவாள், அதனால் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஐந்து நிமிஷம். அடடா, ஐந்து தாண்டிப் பதினொரு விநாடி. குழாயைத் திறந்து, பிடித்து, டிராப்பரின் உறையைக் கிழித்து, ஒன்று, ரெண்டு. வாய்விட்டு எண்ணினார். இப்போதெல்லாம் வாய்விட்டுத்தான் எண்ணுகிறார்.

வாடை நன்றாக ஏறிவிட்டது. ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்ததும் வருமே, அது, அதைவிடக் காட்டமாக. மேலே காற்றாடி இழுத்து வெளியே தள்ளினாலும் சட்டையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். எப்சிக்கு மருந்து ஆரம்பித்ததிலிருந்து எந்த வாடையும் ஆகாது, தேங்காயெண்ணெய் ஆகாது, மீன்குழம்பு ஆகவே ஆகாது, போன மாசம் சோப்பு வாடைக்கே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அப்படிப்பட்டவள் இவர் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து முகர்ந்து, இன்னைக்கு மின்னல் ஓட்டுனீயளா, என்பாள். இது ஒண்ணுதான் குமட்டல, என்பாள். இந்த வாடைக்காகவே இவர் ஓட்டம் இல்லாத நாளிலும் பத்து நிமிஷம் வெறுந்தண்ணீரை வைத்து ஓட்டிவிட்டு வந்திருக்கிறார், காலேஜ் கரண்டு, யாரிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதது இதோடு ரெண்டாவது. முதலாவது மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை, அங்கேதான் இருக்கும், பஞ்சுப் பொட்டலத்துக்குப் பின்னால், உறை பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் டிராப்பர். ஓட்டத்துக்கு நாலு பாட்டில், நாலு பாட்டிலுக்கு நாலு டிராப்பர், முன்கூட்டியே எடுத்து வரிசையாக வைத்துவிடுவார், அது அவர் பழக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் பெரிய ஓட்டம் நடந்தது, வார்டுச் சாக்கடைத் தண்ணீர், அன்றைக்குத்தான் எப்சிக்கு மூன்றாவது மருந்து. பதினெட்டாவது நிமிஷம் போன் வந்தது. நரம்பு கிடைக்கலைங்க சார், நாலு இடத்துல குத்தியாச்சு, அம்மா உங்களைக் கேக்காங்க, என்று நர்ஸ். இருபதாவது நிமிஷத்துப் பாட்டிலைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது, மூடியது ஞாபகம் இருக்கிறது, பெட்டியில் வைத்துவிட்டு ஓடியது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்று ஞாபகம் இல்லை. மறுநாள் காலையில் மேஜையைத் துடைக்கும்போது மூன்று டிராப்பர் கிழிந்து கிடந்தது, நாலாவது உறைக்குள்ளேயே ஜம்மென்று இருந்தது. அதற்குள் பெட்டி, மருந்து எவ்வளவு பாக்கி என்று அளக்கிற மதுரை லேபுக்கு பஸ் ஏறிவிட்டது.

வேறு யாராவது கேட்டால், போயும் போயும் ரெண்டு சொட்டா என்பார்கள். அந்த ரெண்டு சொட்டுத்தான் கடிவாளம். சுவிட்சை அணைத்தாலும் தண்ணீருக்குள் மின்னல் விட்டுப்போனது சும்மா இருக்காது, அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருக்கும், பெட்டிக்குள்ளேயும் வெட்டும், பஸ்ஸிலும் வெட்டும், மதுரையில் பாட்டிலைத் திறக்கிற வரைக்கும் வெட்டும். ஹைப்போ விட்டால்தான் அந்த நிமிஷத்தில் அப்படியே நிற்கும். ரிப்போர்ட் வந்தது. பதினைந்தாவது நிமிஷம் மூன்றில் ஒரு பங்கு மருந்து பாக்கி, இருபதாவது நிமிஷம் சுத்தமாக இல்லை. கடைசி அஞ்சு நிமிஷத்துல எப்படி விழுந்திருக்கு பாத்தீங்களாண்ணே, என்று மேடம் குதித்தாள், நாற்பது வயசுப் பொம்பிளை, டாக்டர் பட்டம் வாங்கினவள், நிஜமாகவே குதித்தாள். மறுநாள் வீட்டிலிருந்து ரவையில் இனிப்பாக தம்ரூட் செய்து கொண்டுவந்தாள். இவர் வாங்கித் தின்றார். தின்றாரே ஒழிய இறங்கவில்லை, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்துத் தள்ளினார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், வாயில் தம்ரூட் இருந்தது. மறுநாள் சொல்லியிருக்கலாம், மேடம் பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டிருந்தாள். அதற்கு மறுநாள் வார்டுச் சாக்கடைக்கு இதே மின்னல் தொட்டி கட்டப்போகிற ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், இருபது நிமிஷம்னா இவ்வளவு பெரிய தொட்டி போதும் என்று கையை விரித்து அளவு காட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் சொல்வது ஒரு சுற்றுக் கஷ்டமாகிக்கொண்டே போனது. இருபதுக்குப் பதில் நிஜத்தில் முப்பதோ நாற்பதோ என்றால் அந்தத் தொட்டியிலிருந்து பாதி வெட்டுப்பட்ட மருந்து வாய்க்காலுக்குப் போகும், பாதி வெட்டுப்பட்டது சிலசமயம் முழுசைவிட மோசம் என்றும் மேடம்தான் சொல்லியிருக்கிறாள். எப்சி முதல் ஆளாய்க் கையெழுத்துப் போட்டாளே, எதற்கு? எவ வீட்டுப் பிள்ளையோ குடிக்கும்லா, என்கிறாளே. பத்து நிமிஷம். குழாய், பாட்டில், உறையைக் கிழி, ஒன்று, ரெண்டு. அவசரத்தில் சீட்டு கோணலாக ஒட்டிக்கொண்டது. இருக்கட்டும், கோணலாக இருந்தால் என்ன, உள்ளே இருப்பது சரியாக இருக்கிறது.

ஊதா வெளிச்சம் தண்ணீர் மேல் நாலைந்து காலை ஊன்றி ஓடி ஓடித் திரிந்தது. வெட்டு, நல்லா வெட்டு, ஒரு பொட்டு விடாதே, என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். எதை வெட்டச் சொல்கிறோம்? அவளைக் காப்பாற்றுகிற மருந்தையல்லவா. இங்கே அழியட்டும் என்கிற அதே வாய்தானே தினமும் ஜெபத்தில் ஆண்டவரே அவள் உடம்பில் அது நின்று வேலை செய்யட்டும் என்கிறது. இவ்வளவு மருந்து இந்தக் குடுவைக்குள் வந்துவிட்டால் அவளுக்குள் என்ன மிச்சம் இருக்கும்? மடத்தனம்தான், தெரியும், வேலை முடிந்ததுதான் வெளியே வருகிறது என்று டாக்டர் படம் போட்டே காட்டினார். தெரிந்து என்ன செய்ய, மனசு படமா பார்க்கிறது? இங்கே போ, அங்கே நில், இங்கே போ, அங்கே நில் என்று மாறி மாறிச் சொன்னார், ஆண்டவருக்கே குழம்பியிருக்கும். டாக்டர் நல்லபடியாகத்தான் சொன்னார். போன வாரம், கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கு, நல்லா போகுது, என்று இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வாசலில் வீல்சேரில் இருந்தாள். வெளியே வந்து, நல்லா போகுதாம்ட்டி, என்றார். சொன்னது நல்ல சேதி, ஆனால் முகம் எப்படி இருந்ததோ? அன்றைக்குக் காலையில்தான் மேடம் கூட்டத்துக்குத் தேதி குறித்திருந்தாள். மனசு பூரா டிராப்பர். அவள் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என்கிட்ட சொல்லாததை ஒங்ககிட்ட எதும் சொன்னாரா, என்றாள். ஒண்ணுமில்லட்டி, என்றார். அப்புறம் வீட்டில், என்னத்த மறைக்கீய, ரெண்டு வாரமா உருண்டு உருண்டு படுக்கீய, என்றாள். ஒண்ணுமில்லட்டி. அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. கேட்பதை விட்டுவிட்டாளே என்று இவருக்கு நிம்மதியாக இருந்தது, வெட்கங்கெட்ட நிம்மதி. பதினைந்து நிமிஷம். ஒன்று, ரெண்டு.

கேட்பதை ஏன் விட்டாள்? எப்சியாவது, ஒன்றைக் கேட்டு விடுகிறதாவது. கல்யாணமான புதுசில் சட்டைப் பையில் ஒரு பஸ் டிக்கெட் கூடுதலாக இருந்ததற்கு நாலு நாள் கேட்டவள். ஆனால் இப்போது தெம்பாகத்தான் இருக்கிறாள், அதுதான் இவருக்கு ஆறுதல். மறுபடி ஊசி நூல் எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. ஒரு டப்பா குண்டூசி வாங்கிட்டு வாங்க என்றாள், வாங்கிக் கொடுத்தார், மூன்றாம் நாள் இன்னொரு டப்பா. சந்தோஷத்தில் ரெண்டாக வாங்கிக் கொடுத்தார். பாச்சா உருண்டை வாடை ஆகாதவள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னட்டி செய்யுத என்றால், சும்மா ஒழுங்குபண்ணுதேன், என்றாள். ஓசூரிலிருக்கிற மகள் பெனிட்டாவிடம் போனில், ஒனக்கு மாம்பழக் கலர் பிடிக்குமா, அரக்குப் பிடிக்குமா, என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லாகித் துணி எடுக்கப் போகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். நல்லாகிவிடுவாள் என்று அவளே நம்புகிறாள் என்றும் நினைத்துக்கொண்டார். அப்படியானால் ஏன் பெஞ்சில் படுத்திருக்கிறவரை வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்? நேற்று விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், அவள் வந்து நின்றாள், ரெண்டு நாள் முடியவில்லை என்று தொடாமல் நின்றாள், போர்வை நுனியை மட்டும் இழுத்து விட்டாள். தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவள் நிற்கிற மாதிரி நின்றாள். ஐயோ, ஐயோ என் ஆண்டவரே. அவள் வேறென்ன நினைப்பாள்? மூன்று வாரமாகப் புருஷன் தூங்கவில்லை, டாக்டர் தனியாகக் கூப்பிட்டார், கேட்டால் ஒண்ணுமில்லை. இவர் மறைத்தது ரெண்டு சொட்டை. அவளுக்குத் தெரிவது தன் சாவு. ஸ்டாப்வாட்ச் கூவியது. இருபது. சுவிட்சை அணைத்தார், பாட்டிலைப் பிடித்தார், உறையைக் கிழித்தார், ஒன்று, ரெண்டு, மூடினார். இழுப்பறையைத் திறந்து பஞ்சுக்குப் பின்னால் கையை விட்டார்.

“என்னண்ணே, முடிஞ்சுதா? நானும் முடிச்சுட்டேன், கையெழுத்து மட்டும்தான்” என்றாள் ஷமீமா மேடம்.

இவர் அந்த டிராப்பரை அவள் கீபோர்டு மேலேயே வைத்தார். “இது போன ஓட்டத்தோடது மேடம். நாலாவது. பிரிக்கவே இல்லை.”

அவளுக்குப் புரிய ஒரு விநாடிதான் ஆயிற்று. மூன்று வருஷமாக இதையே தின்று இதையே உறங்குகிறவள். “இருபதாவது நிமிஷப் பாட்டில்லயா?”

“ஆமா மேடம். ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சு. விட மறந்துட்டேன். மறந்தது தப்பு, மறைச்சது அதைவிடத் தப்பு. இருபதுங்கது இருபது இல்லை. எத்தனைன்னு எனக்குத் தெரியாது.”

அவள் ஸ்கிரீனைப் பார்த்தாள், டிராப்பரைப் பார்த்தாள், மறுபடி ஸ்கிரீனை. முகம் சிவந்து, உதடு கோணி, அழப்போகிறாளோ என்று இவர் பயந்தார். “மூணு வாரமாண்ணே! மூணு வாரமா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு... என் தம்ரூட்ட வேற தின்னீங்களே!”

“இறங்கலை மேடம்.”

“பேசாதீங்க. கொஞ்ச நேரம் என்கிட்டப் பேசாதீங்க.” எழுந்து ஜன்னல் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள், அடித்த கடிதத்தைத் தலையிலிருந்து கால்வரை அழித்தாள். போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு, கூட்டம் இன்னைக்கு வேண்டாம், ஒரு அளவு சரியில்லை, நாங்க மறுபடி பாக்கணும், என்று சொன்னாள். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு இவரைப் பார்க்காமலே, “அந்தத் தண்ணி இன்னும் குடுவையிலதான இருக்கு? நிமிஷம் எங்க நிக்குதோ அங்கருந்து போடுங்க, நடுவுல அணைச்சு வச்ச நேரத்தையும் எழுதிக்கோங்க, முழு ஓட்டம் நாளைக்குப் போடுவோம். நாப்பது வரைக்கும் ஓட்டுங்க. நான் வந்து பக்கத்துல நின்னு எண்ணுவேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “வீட்ல அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்றாள்.

மறுபடியும் அந்த சுர்ர், மறுபடியும் ஊதா. மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் பசித்தது. அடுத்த பாட்டிலுக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது, மேடம் நோட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், சாயங்காலம் வரைக்கும் வைத்திருக்கக்கூடாது. குடுவையை விட்டுத் தள்ளி வாசல் பக்கம் வந்து நம்பரைப் போட்டார்.

“என்னங்க, சிந்திட்டீயளா?” என்றாள் எடுத்ததும்.

“எப்சி, நான் சொல்லுததக் கேளு. மூணு வாரமா நான் ஒண்ண மறைச்சேன்.”

அந்தப் பக்கம் மிக்சியோ டிவியோ எதுவோ ஓடிக்கொண்டிருந்ததை அவள் அணைத்தாள். “சொல்லுங்க” என்றாள், மெதுவாக. “தாங்கிக்கிடுவேன். சொல்லுங்க.”

“ஒரு பாட்டில்ல ரெண்டு சொட்டு ஹைப்போ விட மறந்துட்டேன்ட்டி. ரிப்போர்ட் தப்பாயிட்டு. மேடத்துக்கிட்ட சொல்லப் பயந்துகிட்டு அதைத்தான் போட்டு உருட்டிக்கிட்டுக் கிடந்தேன். இப்பச் சொல்லிட்டேன். டாக்டர் சொன்னது அப்படியே நான் ஒங்கிட்டச் சொன்னதுதான். கட்டி பாதியாயிட்டு. நல்லா போகுது. சத்தியமா நல்லா போகுதுட்டி.”

அவள் அழுதாள், ரொம்ப நாளைக்கப்புறம் சத்தம் போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“பாவி மனுசா” என்றாள். “ரெண்டு சொட்டா? ரெண்டு சொட்டுக்கா? நான் என் சேலை அம்புட்டையும் எடுத்து, எது பெனிட்டாவுக்கு, எது கொழுந்தியாளுக்கு, எது கோயிலுக்குன்னு பேர் எழுதி, பின் குத்தி அடுக்கி வச்சிருக்கேனே! அந்த மாம்பழக் கலரைக் குடுக்க மனசில்லாம நேத்துப் பூரா மடியில வச்சு உக்காந்திருந்தேன்.”

குண்டூசி, டப்பா டப்பாவாகத் தானே வாங்கிக் கொடுத்த குண்டூசி. “எல்லாத்தையும் பிடுங்கிப் போடு எப்சி” என்றார்.

“ஒத்தையில எனக்கு ஆகாது, மூணு டப்பா குத்தியிருக்கேன்.” மூக்கைச் சிந்தினாள். “ஆறு மணியோட ரெண்டு நாள் முடியுது. சட்டைய மாத்தாம வாங்க, அந்த வாடையோடயே. கட்டில்ல போட்டு, ஆளுக்குப் பாதியா உக்காந்து பிடுங்குவோம்.”

“அண்ணே, இருபத்தஞ்சு” என்று மேடம் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, குழாயைத் திறந்து பாட்டிலைப் பிடித்தார். ஒன்று, என்றார். ரெண்டு, என்றாள் மேடம்.